பன்னிரண்டு துரும்புகள்

கோமகனோடு உறவை முறித்துக்கொள்ள எங்கள் நாட்டில் வாளெல்லாம் தேவையில்லை. ஒரு வைக்கோல் துரும்பு போதும். நிலம் கொடுத்தவன் முன்னால் போய் நின்று, கொடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லி, துரும்பை அவன் காலடியில் எறிய வேண்டும். அவன் வாய் திறக்கும்வரை பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பயந்துவிட்டான் என்று ஏழு தலைமுறைக்குச் சிரிப்பார்கள். அன்று சூரியன் மறையும்வரை எறிந்தவனை யாரும் தொடக் கூடாது. மறைந்த பிறகு அவன் பாடு.

என் பெயர் வெனமார். ஈசர் ஆற்றங்கரையில் ஹோல்பேக் கோபுரம் என்னுடையது. கோபுரம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மண்மேட்டின் மேல் மரத்தால் கட்டிய மூன்று அடுக்கு, சுற்றிலும் அகழி, அகழி நிறைய விலாங்கு, அதற்கப்பால் கரை போட்டுக் கடலிடமிருந்து பிடுங்கிய மேய்ச்சல் நிலம். என் தகப்பனார் மூன்று கோமகன்களுக்காகச் சண்டை போட்டு இதைச் சம்பாதித்தார். நான் இரண்டு பேருக்காகச் சண்டை போட்டு இதைக் காப்பாற்றினேன். அதில் இடது முழங்காலும் நான்கு பற்களும் போயின. கோபுரத்தைக் குறைவில்லாமல் என் மகன் ராஸோவின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

பழைய கோமகன் பிள்ளையில்லாமல் செத்ததும் தெற்கிலிருந்து ஒருவர் உரிமை கொண்டாடி வந்தார். கிழக்கிலிருந்தும் ஒருவர் வந்தார். தெற்கத்திக்காரர் முந்திக்கொண்டார். எங்கள் ஒவ்வொருவர் கையையும் தன் கைகளுக்குள் வைத்து, வாயில் முத்தம் கொடுத்து, உங்கள் உரிமை எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆற்றங்கரைக் கோபுரங்களின் சாவிகளை எல்லாம் தன் கூலிப்படையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

எங்கள் பகுதியில் சாவி வைத்திருந்தவர்களும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு பேர். ஈஸ்டருக்கு மறு ஞாயிறு எல்லோரும் என் வீட்டில் கூடினோம். கூட்டியவன் என் மனைவியின் தம்பி ஃபோல்பெர்ட். அவன் வீட்டு வேலையில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டான், ஆனால் ஊரைக் கூட்டுவதில் சூரன்.

"சாவியக் குடுன்னா குடுத்துருவோமா? நாளைக்குப் பொண்டாட்டியக் குடுன்னு கேப்பான்," என்றான்.

"ஒம் பொண்டாட்டிய எவனும் கேக்க மாட்டான்டா மச்சான், நீ நிம்மதியாத் தூங்கு," என்றேன். மேசை அதிரச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"சிரிங்க அத்தான், சிரிங்க. ஆனா ஒண்ணு. நீங்கதான் எங்கள்ல மூத்தவரு. நீங்க மொதல்ல எறிங்க. ஒங்க துரும்பு கீழ விழுந்த மறுநிமிஷம் எங்க பதினொண்ணும் விழும். ஒரே நாள்ல பன்னெண்டு பேரப் பகைச்சுக்க அவனுக்குத் தெம்பு கெடையாது. சாவியக் கேட்டதையே மறந்துருவான்."

நான் ராஸோவைப் பார்த்தேன். இருபத்து நான்கு வயது. என் தோள், அவன் அம்மாவின் கண். அவன் மனைவி இம்மா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

"நீ என்னடா சொல்ற?"

"நீங்க எங்கயோ நானும் அங்கதாம்பா," என்றான்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இருபது வருடம் குதிரை மேல் ஏற்றி, ஈட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளை நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னால் எந்தத் தகப்பனுக்குத்தான் குளிராது? கோயிலுக்குப் போய், புனிதர் விரல் எலும்பு இருக்கும் வெள்ளிப் பேழை மேல் பன்னிரண்டு பேரும் கை வைத்தோம்.

என் மனைவி ஹைல்விக் அன்று முழுக்க பீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கு மயிர் வெட்டுவதிலிருந்து பேராயர் பிரசங்கம்வரை எதைப் பற்றியும் ஒரு கருத்துச் சொல்லாமல் விடமாட்டாள். அன்று வாயே திறக்கவில்லை. பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். காலையில் நான் குதிரை ஏறும்போது மட்டும் சேணப்பையைத் தன் கையாலேயே கட்டினாள்.

"கம்பளிய உள்ள போட்டுக்கோங்க. ஆத்தங்கரையில காத்து அடிக்கும்."

"ஒரு மணி நேரத்து வேலைக்கு இவ்ளோ பெரிய பையா?"

"இருக்கட்டும். போயிட்டு வாங்க."

கோமகன் ஆற்றோரப் புல்வெளியில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, குளிர்காலம் முழுக்கப் பரணில் கிடந்து சுருங்கிய ஆப்பிள் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். பின்னால் ஐம்பது கூலிப்படை வீரர்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் இறங்கினோம். ஆளுக்கு ஒரு துரும்பு. நான் முழங்காலை இழுத்துக்கொண்டு பத்து அடி முன்னால் போனேன். மற்றவர்கள் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"சத்தியத்த மீறுனது நீங்க. அதனால நான் குடுத்த வாக்க இப்பத் திருப்பி எடுத்துக்கறேன்," என்று சொல்லித் துரும்பை எறிந்தேன். அது அவர் செருப்பின் நுனியில் விழுந்தது.

துரும்பு விழுந்தால் சத்தம் வராது. அதுதான் என் துரதிர்ஷ்டம். என் காதுக்கு எதுவும் கேட்கவில்லை, ஆனால் மனசுக்குள் பதினொன்றும் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். இது ராஸோவுடையது, இது ஃபோல்பெர்ட்டுடையது என்று. மார்பை நிமிர்த்தி, ஒரு மன்னனைப் போல நின்றேன். எவ்வளவு பெரிய முட்டாள்! கோமகன் ஆப்பிளை மென்று முடித்தார். கொட்டையைத் துப்பினார்.

"ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

அவர் வாய் திறந்துவிட்டதால் நான் திரும்பலாம். திரும்பினேன். பதினொரு பேர் கையிலும் துரும்பு அப்படியே இருந்தது. பத்துப் பேர் தரையைப் பார்த்தார்கள். ராஸோ தன் குதிரையின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபோல்பெர்ட் என்னைத் தாண்டி நடந்து போய் மண்டியிட்டான். "பேசுனபடியே செஞ்சுட்டோம் பிரபு. ஒருத்தர்தான். ஹோல்பேக் கோபுரம் இனி மகன் பேருல இருக்கட்டும். சாவி அவங்கிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்," என்றார் கோமகன்.

மூன்று நாளுக்கு முன்பே எல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள். கலகம் செய்ய நினைத்த பன்னிரண்டு பேரில் ஒருவனை மற்ற ஊர்களுக்குப் பாடமாகப் பலிகடா கொடுத்துவிட்டு மற்றவர்கள் தங்கள் சாவியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கோயிலில் பேழை மேல் கை வைத்தபோது அத்தனை பேருக்கும் இது தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

"ராஸோ," என்று கூப்பிட்டேன்.

"போங்கப்பா," என்றான், இன்னும் குதிரையைப் பார்த்தபடி. "பொழுது சாயறதுக்குள்ள ஆத்தத் தாண்டிருங்க."

தாண்டினேன். மறுநாள் காலை அக்கரையில் ஒரு கரிமூட்டக்காரன் குடிசையில் சேணப்பையைத் திறந்தேன். இரண்டு சட்டை, குளிர்காலக் காலுறை, முழங்காலுக்குத் தடவும் பன்றிக்கொழுப்புத் தைலம், ஒரு வாரத்துக்கு வரும் ரொட்டியும் கருவாடும். ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போதுதான் ஹைல்விக்குக்கும் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. மகன் செய்தது வயிற்றில் அடித்தது. இது நெஞ்சில் அடித்தது. என்னைக் கைகழுவிவிட முடிவு செய்துவிட்டு, என் முழங்கால் வலிக்கும் என்று தைலம் வைத்திருக்கிறாள்! அந்தத் தைலத்தை ஆற்றில் வீசியிருக்க வேண்டும். முழங்கால் கேட்கவில்லை, தடவிக்கொண்டேன்.

கிழக்கத்திக் கோமகனிடம் போனேன். நிலம் இல்லாத கிழட்டு வீரனாக, சோற்றுக்கும் குதிரைத் தீவனத்துக்கும், ஒரு வருடத்துக்கு மேல் அவருக்காகச் சண்டை போட்டேன். என் மகன் வயதுப் பையன்கள் என்னைத் "துரும்புத் தாத்தா" என்று கூப்பிட்டார்கள். ஒருவன் தினமும் என் தட்டில் ஒரு வைக்கோலைப் போட்டுவிட்டு ஓடுவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்து வைத்துவிட்டுக் கஞ்சி குடிப்பேன். சண்டையில் மட்டும் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை.

மறு வேனிலில் கடலோரக் கரையொன்றில் இரண்டு படையும் மோதின. எதிர் வரிசையில் விலாங்கு வரைந்த கேடயம் ஒன்றைப் பார்த்தேன். என் கேடயம். இப்போது ராஸோ அதைப் பிடித்திருந்தான். இருபது அடி தூரம்தான். மூக்குக் கவசத்துக்கு மேலே அந்தக் கண்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டன. என் ஈட்டி நேராகத்தான் இருந்தது. அவன் குதிரையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். அவன் என்னைக் குத்தவில்லை என்பதை வைத்துக்கொண்டே நான் பல வாரம் பிழைத்திருந்தேன்.

அதே மாதத்தில் தெற்கத்திக்காரருக்கு அம்புக்காயம் சீழ் பிடித்தது. ஐந்து நாளில் செத்தார். எங்கள் பக்கம் ஜெயித்தது என்று சொல்வதற்கில்லை, அவர்கள் பக்கம் ஆள் இல்லாமல் போனது. ஃபோல்பெர்ட் தெற்கே ஓடினான். மற்றவர்கள் ஒவ்வொருவராக புரூஜ் நகரத்துக்கு வந்து புதிய கோமகனாகிவிட்ட கிழக்கத்திக்காரரிடம் சரணடைந்தார்கள். ராஸோவும் வந்தான், கை கட்டப்பட்டு.

மறுநாள் நண்பகலில் ஹைல்விக் நான் தங்கியிருந்த இடத்துக்கு வந்தாள். கையில் விலாங்கு வைத்துச் சுட்ட பணியாரம். கதவருகிலேயே நின்றாள். இளைத்திருந்தாள்.

"உள்ள வரலாமா?"

"வழிக்குப் பை கட்டிக் குடுத்தவளாச்சே. வராம என்ன?"

உட்கார்ந்தாள். நான் கத்துவேன் என்று காத்திருந்தாள். நான் கத்தவில்லை. கத்துவதற்கு ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ.

"திட்டுங்க. திட்டிட்டு ஒரு நிமிஷம் கேளுங்க. ஃபோல்பெர்ட் மத்தவங்கள எப்படிப் பேசி மயக்குனானோ எனக்குத் தெரியாது. நான் ஒத்துக்கிட்டதுக்குக் காரணம் வேற. ரெண்டு கோமகனுங்க அடிச்சுக்கறாங்க. எவன் ஜெயிப்பான்னு யாருக்குத் தெரியும்? ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் ராஸோ. எவன் ஜெயிச்சாலும் கோபுரம் நம்ம குடும்பத்துல நிக்கும். பாருங்க, நீங்க ஜெயிச்ச பக்கம் இருக்கீங்க, இனி நின்னுரும்ல?"

"அத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"ஒங்களுக்கு நடிக்கத் தெரியுமா? ஒரு பொய் சொன்னாக் காது ரெண்டும் செவந்துரும். கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாகிட்ட இது ரெண்டாவது கோப்பைதான்னு சொன்னீங்களே, சபையே சிரிச்சுது. கோமகன் பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருப்பாரு. நீங்க நெசமாவே கோவிச்சுக்கிட்டுப் போகணும். அப்பதான் கெழக்க நம்புவாங்க."

உண்மைதான். என் காது சிவக்கும்.

"ஒரு மாசம் விடாம, கம்பளி ஏத்திக்கிட்டுக் கெழக்க போய் வர்ற வண்டிக்காரன்கிட்ட விசாரிச்சேன். உசிரோட இருக்காரா, நடக்கறாரா, முழங்கால் எப்படி இருக்குன்னு. ஒரு மாசம் விட்டதில்லங்க."

நான் அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில், ஒரு பணியாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து. கோபம் போகவில்லை. ஆனால் என்னைத் தூக்கி எறியவில்லை, எங்கோ ஒரு காரியத்துக்காக அனுப்பி வைத்திருந்தார்கள் என்று நினைக்கும்போது மூச்சு விட முடிந்தது. கணவனிடம் மறைத்தாள், ஆனால் குடும்பத்துக்காக மறைத்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பணியாரத்தை முழுக்கத் தின்றேன்.

மாலையில் கோமகன் என்னைக் கூப்பிட்டார். "கோபுரம் உன்னுது. அத நீ சம்பாதிச்சுட்ட. ஆனா ஒம் மகன் எனக்கு எதிரா வாள் எடுத்தவன். நீ கை குடுத்தா அவன விடறேன். இல்லன்னா அவன் இந்த நாட்ட விட்டே போகணும்."

கை கொடுப்பது என்றால் எங்களிடம் வெறும் பேச்சு இல்லை. புனிதப் பேழை மேல் வலது கையை வைத்து, இவன் இனி வாக்குத் தவறினால் இந்தக் கையை வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். வெட்டியும் இருக்கிறார்கள். நான் யோசிக்கவே இல்லை. வைத்தேன், சொன்னேன். ராஸோ வந்து அந்தக் கையை முத்தமிட்டான்.

மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் புறப்பட்டோம். ஹைல்விக்கும் ராஸோவும் வழியில் கோயிலில் நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, தனியாகக் குதிரையை விரட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன். பாலம் தாண்டி, முற்றத்தில் இறங்கி, பழைய மரச்சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெனமார்! அடேய் வெனமார்! சேத்துல எறங்காதடா, கழுத!"

தூக்கிவாரிப் போட்டது. என் அம்மா செத்த பிறகு என்னை அப்படிக் கூப்பிட எவருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. திரும்பினேன். ஒரு தடித்த இளம்பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு வயதுக் குழந்தை ஒன்று வாத்தைத் துரத்திக்கொண்டு அகழிப் பக்கம் தத்தித் தத்திப் போனது. நான்தான் பக்கத்தில் இருந்தேன், தூக்கிக்கொண்டேன். இம்மாவின் மூக்கு. என் வீட்டுக் காது.

"புண்ணியமாப் போச்சு பெரியவரே. ஒரு நிமிஷம் கண்ண எடுத்தா வாத்துக்குப் பின்னால ஓடிருது. ஒங்களுக்கு யாரு வேணும்?"

"நீ யாரும்மா?"

"புள்ளைக்குத் தாதி. வந்து ஒரு வருஷமாச்சு."

"இதுக்கு வெனமார்னு யாரு பேரு வச்சது?"

"வீட்டுப் பெரியம்மாதான், புள்ளையோட பாட்டி. செத்துப்போன பெரிய பிரபு பேராம்."

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவன் பெயரை அவன் வீட்டுக் குழந்தைக்கு வைப்பதில்லை. வைத்தால் பெரியவனின் நாள் முடிந்தது என்று நாமே சொன்னதாக ஆகிவிடும். ராஸோ பிறந்தபோது, அதே பெயர் கொண்ட என் தகப்பனார் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். சாமியார் ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்தினார். ஆனாலும் ஆறு நாள் பிள்ளையைப் பெயரில்லாமல் வைத்திருந்தோம். கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று சாமியாரோடு சண்டை போட்டு நிறுத்தியவள் ஹைல்விக்.

"எப்ப ஞானஸ்நானம் ஆச்சு?"

"போன வருஷம் புனித யோவான் திருநாளுக்கு. அன்னிலேர்ந்து பெரிய பிரபு ஆத்துமாவுக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பூசையும் நடந்துச்சு. போன வாரம் திடீர்னு நிறுத்திட்டாங்க, ஏன்னு தெரியல."

நான் துரும்பை எறிந்தது வசந்தத்தில். யோவான் திருநாள் கோடையின் நடுவில். மூன்று மாதம்கூடப் பொறுக்கவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ராஸோ என்று நிறுத்தி வைத்தவள், நிறுத்திய ஆளைச் செத்தவன் கணக்கில் எழுதுவாளா? புரூஜில் அவள் சொன்ன கதை வழியில் வண்டியில் வரும்போது தைத்த சட்டை. நான் பணியாரம் தின்றுகொண்டே அதை மாட்டிக்கொண்டேன்.

வண்டி பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டது. ஹைல்விக் இறங்கினாள். குழந்தை என் தோளில் இருப்பதைப் பார்த்தாள், தாதியைப் பார்த்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். தாதியை உள்ளே போகச் சொன்னாள்.

"நான் உசிரோட இருக்கேன்னு ஒனக்கு மாசா மாசம் சேதி வந்துச்சுல்ல?" என்று கேட்டேன்.

"வந்துச்சு."

"அப்புறம்?"

முப்பது வருடத்தில் முதல் முறையாக, எந்தக் கருத்தும் சேர்க்காமல் பேசினாள். "தெக்கத்திக்காரர்தான் ஜெயிப்பாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்க திரும்பி வருவீங்கன்னு யாரும் நெனக்கல."

"நீ?"

குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, அதன் காலில் இருந்த சேற்றைத் தன் மேலங்கி நுனியால் துடைத்தாள்.

"நானுந்தான்," என்றாள்.

கோபுரம் இன்று என் பெயரில் இருக்கிறது. ஹைல்விக் என் கோப்பையில் பீர் ஊற்றுகிறாள். ராஸோ நான் உட்காரும்வரை நிற்கிறான், சொன்ன வேலையைச் செய்கிறான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேழை மேல் வைத்த கையை நான் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு எங்கள் நாட்டில் எந்தச் சடங்கும் கிடையாது. தினமும் காலையில் அவன் குதிரை ஏறிப் புறப்படும்போது நான் மேல் மாடத்துக்கு ஏறிப் போகிறேன். வலது கையை அங்கிக்குள் வைத்துக்கொண்டு, அவன் பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்புகிறானா, ஃபோல்பெர்ட் இருக்கும் தெற்கே திரும்புகிறானா என்று பார்க்கிறேன்.